விரிபரப்பு வலைகளில் பகிர்வு நினைவகம்

பரவல் பகிர்வு நினைவகம் என்பது தனித்தனி நினைவகம் கொண்ட பல கணினிகளை, ஒரே நினைவகத்தைப் பொதுவில் வைத்திருப்பவைபோல் இயங்கவைக்கும் ஏற்பாடு. ஒரு கணினியில் ஓடும் நிரல் ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதுகிறது. வேறொரு கணினியில் ஓடும் நிரல் அதே முகவரியைப் படித்து அந்த எண்ணைப் பெறுகிறது. இடையில் எந்தச் செய்தி எந்த வழியாக எப்போது போனது என்பதை நிரல் எழுதியவர் அறிய வேண்டியதில்லை. கணினிகள் ஒரே அறையில் இருக்கும்போது இது ஓரளவு நன்றாகவே நடக்கிறது. அவை வெவ்வேறு நகரங்களிலும் கண்டங்களிலும் இருந்தால், விரிபரப்பு வலையின் தாமதம் ஏற்பாட்டின் அடித்தளத்தையே அசைத்துவிடுகிறது. இந்தத் துறையின் ஏறக்குறைய நாற்பதாண்டு ஆய்வு, நினைவகத்திடம் நிரலர்கள் கேட்காமலே எதிர்பார்த்துவந்தவை என்னென்ன, அவற்றில் எதை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்ற கணக்காகவே வளர்ந்தது.

இப்படியொரு ஏற்பாட்டை ஏன் விரும்பினார்கள் என்பது எளிதில் புரியக்கூடியது. பல கணினிகளைக் கொண்டு ஒரே கணக்கைப் போடுவதற்கு இன்னொரு வழி, செய்தி அனுப்புவது. அந்த வழியில் எந்தத் தரவு யாரிடம் இருக்கிறது, யாருக்கு எப்போது தேவைப்படும் என்பதையெல்லாம் நிரலரே முன்கூட்டிச் சிந்தித்து எழுத வேண்டும். சுட்டிகளால் பின்னப்பட்ட மரம், பட்டியல் போன்ற தரவு அமைப்புகளைப் பிரித்துக் கட்டி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் கோக்க வேண்டும். பொது நினைவகம் இருந்தால் இந்த வேலை முழுவதும் மென்பொருளின் தலையில் விழுகிறது.

பக்கங்களைக் கொண்டு கட்டிய நினைவகம்

இதை முதன்முதலில் நடைமுறையில் செய்துகாட்டியவர் காய் லீ. யேல் பல்கலைக்கழகத்தில் 1986இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் ‘ஐவி’ என்ற அமைப்பை அவர் உருவாக்கினார். நெறியாளர் பால் ஹுடாக்குடன் சேர்ந்து 1989இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளியாக இன்றும் கருதப்படுகிறது. அப்பல்லோ நிறுவனத்தின் பணிநிலையக் கணினிகள் சிலவற்றை, நொடிக்கு 12 மெகாபிட் கடத்தும் வளைய வலை ஒன்றால் இணைத்து ஐவி ஓடியது.

அதன் நுட்பம் இயங்குதளங்களில் ஏற்கெனவே இருந்த ஒரு வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. மெய்நிகர் நினைவகம் உள்ள எந்தக் கணினியிலும் முகவரிவெளி, பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் வன்பொருள் நிரலை நிறுத்தி இயங்குதளத்தைக் கூப்பிடும். இயங்குதளம் வட்டிலிருந்து பக்கத்தை எடுத்துவந்து நிரலைத் தொடரவிடும். வட்டிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக, வலையில் இருக்கும் இன்னொரு கணினியின் நினைவகத்திலிருந்து எடுத்துவந்தால் என்ன என்பதே லீயின் கேள்வி. படிப்பதற்கு மட்டும் என்றால் ஒரு பக்கத்தின் நகல்கள் பல கணினிகளில் இருக்கலாம். ஒருவர் எழுத முற்பட்டால், மற்ற எல்லா நகல்களும் முதலில் செல்லாதவை ஆக்கப்படும். எழுதுபவர் அப்பக்கத்தின் உரிமையாளர் ஆவார். உரிமையாளர் யார் என்பதை ஒரு நிலையான மேலாளரிடம் கேட்டு அறியலாம். அல்லது ஒவ்வொரு கணினியும் தான் அறிந்தவரை உரிமையாளராக இருக்கக்கூடியவரின் பெயரை வைத்துக்கொண்டு, கோரிக்கையைக் கைமாற்றிக்கொண்டே போகலாம். லீ இரண்டாவது வழியையே சிறந்ததாகக் கண்டார்.

இந்த வடிவத்தில் ஒரு குறை விரைவிலேயே தெரிந்தது. பக்கம் ஓராயிரம் பைட் அளவுள்ளது; நிரலின் மாறியோ எட்டு பைட் இருக்கலாம். தொடர்பே இல்லாத இரு மாறிகள் ஒரே பக்கத்தில் அமைந்துவிட்டால், அவற்றைத் தனித்தனியே எழுதும் இரு கணினிகள் அந்தப் பக்கத்தை மாறிமாறிப் பறித்துக்கொண்டிருக்கும். உண்மையில் எதையும் பகிராமலே பகிர்வின் செலவு முழுவதும் வந்து சேரும். இதைப் போலிப் பகிர்வு என்கிறார்கள். கலிபோர்னியாவில் ஃப்ளைஷ், போபெக் இருவரும் 1989இல் விவரித்த ‘மிராஜ்’ அமைப்பு இதற்கொரு மருந்து சொன்னது: பக்கத்தைப் பெற்ற கணினி குறிப்பிட்ட நேரம்வரை அதைத் தக்கவைத்துக்கொள்ளலாம், அதற்குள் யாரும் பறிக்க முடியாது. பறிப்பின் வேகத்தை இது மட்டுப்படுத்தியது. பறிப்புக்கான காரணம் அப்படியே இருந்தது.

தூரத்தின் கணக்கு

இவையெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் நடந்த சோதனைகள். கட்டடத்தைத் தாண்டும்போது வேறொரு அளவுகோல் வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்க 2002இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கம்பிவடத்தின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். ஒரு பிட் அதில் ஒருமுறை போக 16 மில்லிநொடியும், போய்த் திரும்ப 32 மில்லிநொடியும் ஆகும். இடையில் இருக்கும் கருவிகளின் தாமதம் இதில் சேரவில்லை. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே நேர்கோட்டில் இழை போட முடிந்தாலும், சுமார் 13,500 கிலோமீட்டருக்குப் போய்த் திரும்ப 135 மில்லிநொடி பிடிக்கும். ஒரு கணினி தன் சொந்த நினைவகத்தைத் தொட ஏறக்குறைய 100 நானோநொடி எடுக்கிறது என்று கொண்டால், நியூயார்க்கில் இருக்கும் ஒரே ஒரு எண்ணைக் கேட்டுப் பெறும் நேரத்தில் உள்ளூர் நினைவகத்தை 13 லட்சம் முறைக்குமேல் தொட்டுவிடலாம்.

பட்டையகலம் இந்தக் கணக்கை மாற்றாது என்பது முக்கியம். 1980களின் 10 மெகாபிட் ஈதர்நெட்டிலிருந்து இன்றைய நூறு கிகாபிட் இணைப்புகள்வரை வேகம் பத்தாயிரம் மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் அது ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு போகும் என்பதன் வளர்ச்சி. முதல் பிட் எப்போது வந்து சேரும் என்பதை இயற்பியல் தீர்மானித்துவிட்டது. பட்டையகலம் வளரும் வேகத்துக்குத் தாமதம் குறைவதில்லை என்பதைச் செயலி, நினைவகம், வட்டு, வலை ஆகிய நான்கு துறைகளின் வரலாற்றைக் கொண்டு டேவிட் பேட்டர்சன் 2004இல் எடுத்துக்காட்டினார். விரிபரப்பு வலையில் அந்த இடைவெளிக்கு மேல்வரம்பே இல்லை. ஆகவே பக்கத்துக்காகக் காத்திருப்பதை வழக்கமாகக் கொண்ட எந்த ஏற்பாடும் அங்கே நிற்காது.

தூரத்தை ஏதேனும் சாமர்த்தியத்தால் மறைத்துவிட முடியுமா? முடியாது என்பதற்குச் சுருக்கமான ஒரு நிரூபணம் இருக்கிறது. பிரின்ஸ்டனில் ரிச்சர்ட் லிப்டனும் ஜொனாதன் சான்ட்பெர்கும் 1988இல் எழுதியது அது. அதைப் புரிந்துகொள்ள, நினைவகம் சரியாக நடந்துகொள்வது என்றால் என்ன என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். லெஸ்லி லாம்போர்ட் 1979இல் கொடுத்த வரையறையின்படி, எல்லாக் கணினிகளின் செயல்களும் ஏதோவொரு ஒற்றை வரிசையில் நடந்தவைபோலத் தோன்ற வேண்டும். அந்த வரிசைக்குள் ஒவ்வொரு கணினியின் செயல்களும் அதன் நிரல் சொன்ன முறையிலேயே இருக்க வேண்டும். இதற்கு வரிசை முரணின்மை என்று பெயர்.

சென்னையில் ஒரு கணினியும் சிங்கப்பூரில் ஒரு கணினியும் இருக்கட்டும். ‘அ’, ‘ஆ’ என்ற இரு பொது மாறிகளும் தொடக்கத்தில் 0. சென்னைக் கணினி ‘அ’வில் 1 எழுதிவிட்டு ‘ஆ’வைப் படிக்கிறது. அதே கணத்தில் சிங்கப்பூர்க் கணினி ‘ஆ’வில் 1 எழுதிவிட்டு ‘அ’வைப் படிக்கிறது. இரண்டும் 0 என்று படிக்க நேர்ந்தால் அதற்குப் பொருத்தமான ஒற்றை வரிசை எதுவுமே இல்லை: சென்னை ‘ஆ’வை 0 எனப் படித்திருந்தால் அந்தப் படிப்பு சிங்கப்பூரின் எழுத்துக்கு முன் நடந்திருக்க வேண்டும், சிங்கப்பூர் ‘அ’வை 0 எனப் படித்திருந்தால் அது சென்னையின் எழுத்துக்கு முன் நடந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வட்டமாகச் சுற்றிவரும். இப்போது ஓர் எழுத்தும் ஒரு படிப்பும் சேர்த்து 16 மில்லிநொடிக்குள் முடிந்துவிடுவதாக ஓர் அமைப்பு சொல்லிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் எந்தச் செய்தியும் கடலைக் கடந்திருக்காது. எனவே இரு கணினிகளும் மற்றதன் எழுத்தை அறியாமல் 0 என்றே படிக்கும். அமைப்பு தன் வாக்கை மீறிவிட்டது. ஆக, வரிசை முரணின்மை வேண்டுமானால் எழுத ஆகும் நேரமும் படிக்க ஆகும் நேரமும் சேர்ந்து வலையின் ஒருவழித் தாமதத்துக்குக் குறையக் கூடாது.

இந்த நிரூபணத்தில் செயலியின் வேகம் வரவில்லை, பட்டையகலம் வரவில்லை, நெறிமுறையின் நுணுக்கம் எதுவும் வரவில்லை. அதனால்தான் அது இன்றுவரை அசையாமல் நிற்கிறது. ‘அ’, ‘ஆ’ உதாரணம் கற்பனையான சூழலும் அல்ல. ஒரு நேரத்தில் இரு நிரல்களில் ஒன்றை மட்டுமே பொதுத் தரவைத் தொடவிடும் டெக்கரின் பழைய வழிமுறை இதே வடிவத்தில் அமைந்தது. நிரூபணம் விட்டுவைக்கும் வழி இவ்வளவே: எழுதுவதை மெதுவாக்கிப் படிப்பதை உடனடியாக்கலாம். அல்லது படிப்பதை மெதுவாக்கி எழுதுவதை உடனடியாக்கலாம். எதை எந்தப் பக்கம் தள்ளுவது என்ற உரிமை மட்டுமே வடிவமைப்பாளருக்கு உண்டு. ஹகித் அட்டியாவும் ஜெனிஃபர் வெல்ச்சும் 1994இல் இதை மேலும் கூர்மையாக்கினர். ஒரு செயல் முடிந்தபின் தொடங்கிய எந்தச் செயலும் அதன் விளைவைக் கண்டாக வேண்டும் என்ற இன்னும் கண்டிப்பான விதியை ஏற்றால், கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போகாதவரை படிப்பு, எழுத்து இரண்டில் எதையும் இலவசமாக்க முடியாது என்று அவர்கள் காட்டினர்.

விதியைத் தளர்த்துதல்

நிரூபணத்தை உடைக்க முடியாதபோது மிஞ்சும் வழி, அதன் முன்கூற்றை மாற்றுவது. எல்லா எழுத்துகளும் எல்லாருக்கும் ஒரே வரிசையில் தெரிய வேண்டும் என்பது பெரும்பாலான நிரல்களுக்குத் தேவையே இல்லை. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல், பொதுத் தரவைத் தொடுமுன் பூட்டு ஒன்றைப் பெற்று, தொட்டு முடித்தபின் விடுவிக்கிறது. பூட்டை வைத்திருப்பவர் நடுவில் எழுதுவதை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. பூட்டு கைமாறும்போது மட்டும் மாற்றங்கள் போய்ச் சேர்ந்தால் போதும். ஸ்டான்ஃபோர்டின் ‘டாஷ்’ திட்டத்தில் 1990இல் உருவான விடுவிப்பு முரணின்மை இந்தக் கருத்தின் முறையான வடிவம். ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கார்ட்டர், ஜான் பென்னட், வில்லி ஸ்வேனபோல் மூவரும் 1991இல் வெளியிட்ட ‘முனின்’ அதை மென்பொருளில் கொண்டுவந்தது.

முனின் போலிப் பகிர்வுக்கும் விடை கண்டது. பக்கத்தில் முதன்முறை எழுதும்போது அதன் இரட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். விடுவிக்கும் வேளையில் பக்கத்தையும் இரட்டையையும் ஒப்பிட்டு, மாறிய பைட்டுகளை மட்டும் அனுப்பும். இரு கணினிகள் ஒரே பக்கத்தின் வெவ்வேறு பகுதிகளில் ஒரே சமயத்தில் எழுதினாலும் கேடில்லை. மாற்றங்கள் பின்னர் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பீட்டர் கெலெஹர், ஆலன் காக்ஸ், ஸ்வேனபோல் ஆகியோர் 1992இல் இன்னொரு படி போனார்கள். விடுவிக்கும்போது எல்லாருக்கும் அறிவிக்க வேண்டாம். அடுத்துப் பூட்டைப் பெறப்போகிறவருக்கு மட்டும், அவர் பூட்டைப் பெறும் நேரத்தில் சொன்னால் போதும். இந்தச் சோம்பல் முறையில் அமைந்த ‘ட்ரெட்மார்க்ஸ்’, 1990களில் மிகப் பரவலாகப் பயன்பட்ட பகிர்வு நினைவகமாக ஆனது. மரபணுக்களின் தொடர்பு ஆய்வுக்கான ஒரு நிரல்கூட அதன்மேல் ஓடியது.

ஆனால் சோம்பல் முறையை அப்படியே கடல்கடந்து கொண்டுபோக முடியாது. ட்ரெட்மார்க்ஸில் பூட்டோடு வருவது, இன்னின்ன பக்கங்கள் பழையதாகிவிட்டன என்ற அறிவிப்பு மட்டுமே. மாற்றங்கள், பக்கத்தைத் தொடும்போதுதான் கேட்டு வாங்கப்படுகின்றன. உள்வலையில் ஒரு செய்தியின் பெருஞ்செலவு அதை அனுப்பிப் பெறும் செயலியின் உழைப்பு. அதனால் செய்திகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே ஆதாயம். விரிபரப்பு வலையில் செலவு என்பது காத்திருப்பு. பத்துப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் நிரல் பத்துமுறை கடலைக் கடந்து திரும்பும். தேவைப்படாமல் போகக்கூடிய தரவையும் முன்கூட்டியே சேர்த்து அனுப்பிவிடுவதே அங்கே புத்திசாலித்தனம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பெர்ஷாட் முதலியோர் கட்டிய ‘மிட்வே’ இந்த வகையில் தூரத்துக்கு ஏற்றதாக இருந்தது. எந்தத் தரவு எந்தப் பூட்டைச் சேர்ந்தது என்பதை நிரலரே எழுதிவிட வேண்டும். பூட்டு நகரும்போது தரவும் அதோடு சேர்ந்தே நகர்ந்துவிடும். நிரலரின் வேலை கூடியது உண்மைதான். பதிலுக்கு ஒரே பயணத்தில் காரியம் முடிந்தது.

நெதர்லாந்தில் ஒரு சோதனை

இந்த வாதங்கள் உண்மையான விரிபரப்பு வலையில் எப்படி ஈடேறின என்பதற்கு நெதர்லாந்து நல்ல சான்று. ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்தில் ஹென்றி பாலும் ஆண்ட்ரூ டானென்பாமும் ‘ஓர்கா’ என்ற மொழியை உருவாக்கியிருந்தனர். அதில் பக்கங்கள் கிடையாது. பகிரப்படுபவை நிரலர் வரையறுத்த பொருள்கள்; அவற்றைத் தொடுவதற்கான செயல்களும் வரையறுக்கப்பட்டவை. படிக்கும் செயல் உள்ளூர் நகலில் நடக்கும். எழுதும் செயல், எல்லாருக்கும் ஒரே வரிசையில் போய்ச் சேரும் ஒலிபரப்பாகப் போகும். வரிசை எண் கொடுப்பதற்கென்று ஒரு கணினி இருக்கும்.

1997இல் நெதர்லாந்தின் நான்கு பல்கலைக்கழகங்களில் ‘டாஸ்’ என்ற கூட்டுக் கணினி அமைக்கப்பட்டது. ஒவ்வொரு வளாகத்திலும் 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் ப்ரோ கணினிகள் மிரினெட் என்ற விரைவு வலையால் கோக்கப்பட்டிருந்தன. வளாகங்களுக்கு இடையே நொடிக்கு 6 மெகாபிட் கடத்தும் ஏடிஎம் வகை வலை இணைப்பு. வளாகத்துக்குள் சில பத்து மைக்ரோநொடியில் முடியும் உரையாடல், வளாகங்களுக்கு இடையே மில்லிநொடிகளை எடுத்தது. நெதர்லாந்து சிறிய நாடு. கண்டங்களின் தூரத்தோடு ஒப்பிட இது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும், மாற்றமில்லாமல் ஓட்டப்பட்ட நிரல்களில் பல, நான்கு வளாகங்களில் ஓடும்போது ஒரே வளாகத்தில் ஓடியதைவிட மெதுவாயின.

பால் குழுவினர் அந்த நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தினர். திருத்தங்கள் எல்லாம் ஒரே திசையில் இருந்தன. எல்லா நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழிகளைக் காணும் நிரலில், வரிசை எண் கொடுக்கும் கணினி தொலைவில் இருந்ததால் ஒவ்வொரு ஒலிபரப்பும் அங்கே போய்வந்தது. அந்தப் பொறுப்பை, அப்போது ஒலிபரப்பும் வளாகத்துக்கே மாற்றினார்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரே வேலைப் பட்டியலை வளாகத்துக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். அண்டைப் புள்ளிகளின் சராசரியால் விடையை நெருங்கும் கணக்கில், வளாகங்களுக்கு இடையிலான பரிமாற்றங்களில் பலவற்றைத் தவிர்த்தார்கள். பழைய எண்களைக் கொண்டு கணக்கிட்டாலும் விடை கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும், சில சுற்றுகள் மட்டும் கூடும். கடைசியாகச் சொன்ன திருத்தம் மிக ஆழமானது. எவ்வளவு பழைய தரவு பொறுக்கத்தக்கது என்பது கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு மட்டுமே தெரியும், நினைவகத்துக்குத் தெரியாது. இந்தச் சோதனைகளுக்குப் பின், தூரத்தை நிரலரிடமிருந்து முற்றிலும் மறைத்துவிடும் பகிர்வு நினைவகம் என்ற பழைய நோக்கத்தை அதே வடிவில் காப்பாற்றுவது கடினமாகிவிட்டது.

இணையமெங்கும் ஒரு முகவரிவெளி

ஆனாலும் அந்த நோக்கம் உடனே கைவிடப்படவில்லை. முனினை உருவாக்கிய ஜான் கார்ட்டர், யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் குழுவினருடன் 1998இல் ‘கஜானா’ என்ற அமைப்பை முன்வைத்தார். உலகம் முழுவதற்கும் 128 பிட் நீள முகவரிவெளி ஒன்று. அதில் பகுதிகளை ஒதுக்கிக்கொண்டு யாரும் கோப்பு முறைமையையோ பொருள் கிடங்கையோ கட்டிக்கொள்ளலாம். முரணின்மை விதி ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதுதான் அதன் முக்கியமான முடிவு. கண்டிப்பு வேண்டியவர் கண்டிப்பைப் பெற்று அதற்குரிய நேரத்தைச் செலுத்துவார்.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்காட் குழுவினர் அதை அடுத்து உருவாக்கிய ‘இன்டர்வீவ்’ இன்னும் நுணுக்கமானது. தரவு, இணைய முகவரியைப் போன்ற பெயருள்ள துண்டுகளாக வழங்கிகளில் இருக்கும். வாடிக்கை நிரல் தன் பொறுமையின் அளவைத் தானே சொல்லும்: என்னிடம் உள்ள நகல் இத்தனை பதிப்புகளுக்குமேல் பின்தங்கக் கூடாது, அல்லது இத்தனை நொடிக்குமேல் பழையதாகக் கூடாது, அல்லது இத்தனை விழுக்காட்டுக்குமேல் மாறியிருக்கக் கூடாது. அந்த எல்லைக்குள் இருக்கும்வரை வலையில் எந்தச் செய்தியும் போகாது. எல்லையைத் தாண்டினால் மாற்றங்கள் மட்டும் வரும். நெதர்லாந்து நிரலர்கள் கையால் செய்த தளர்வை, இன்டர்வீவ் நினைவகத்தின் இலக்கணத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. வெவ்வேறு வகைக் கணினிகள் பைட்டுகளை வெவ்வேறு வரிசையில் வைப்பதும், சுட்டிகளின் நீளம் மாறுபடுவதும் இணையத்தில் தவிர்க்க முடியாதவை. டொரண்டோவின் ‘மெர்மெய்ட்’ 1990களின் தொடக்கத்திலேயே இதைச் சந்தித்திருந்தது. தரவின் வகையை முன்னதாக அறிவிக்கச் சொல்லி, பொதுவான கடத்தல் வடிவத்துக்கு மாற்றி அனுப்பி இன்டர்வீவ் அதைத் தீர்த்தது.

இணைப்பு அறுபடும்போது

தாமதத்தைக் காட்டிலும் கடுமையான இன்னொன்று விரிபரப்பு வலையில் உண்டு. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலடிக் கம்பிவடங்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையத் தொடர்பும் பெரிதும் பாதிக்கப்பட்டது. இப்படி வலை பிளவுபடும்போது இருபுறமும் கணினிகள் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கொன்று பேச மட்டும் முடியாது. ஐவி போன்ற அமைப்பில் ஒரு பக்கத்தின் உரிமையாளர் மறுபுறத்தில் சிக்கிக்கொண்டால் இப்புறத்தில் அந்தப் பக்கமே இல்லாமல் போகும்.

பெர்க்லியின் எரிக் புருவர் 2000இல் முன்வைத்ததும், சேத் கில்பர்ட்டும் நான்சி லின்ச்சும் 2002இல் நிரூபித்ததுமான கருத்து இந்த நிலையைப் பற்றியது. வலை பிளவுபட்ட வேளையில் ஓர் அமைப்பு ஒன்று பதில் சொல்ல மறுக்க வேண்டும், அல்லது முரண்பட்ட பதிலைச் சொல்ல நேரிடும். லிப்டன், சான்ட்பெர்க் நிரூபணத்தின் உடன்பிறப்பாக இதைக் கொள்ளலாம். அங்கே 16 மில்லிநொடி தாமதம். இங்கே முடிவில்லாத தாமதம். வாதத்தின் எலும்புக்கூடு ஒன்றே.

இந்த இடத்தில் பகிர்வு நினைவக ஆய்வும் பரவல் தரவுத்தள ஆய்வும் ஒரே ஆறாகக் கலந்துவிடுகின்றன. அமேசான் 2007இல் விவரித்த ‘டைனமோ’ கிடங்கு எப்போதும் எழுத்தை ஏற்றுக்கொள்ளும். நகல்கள் பின்னர் ஒருநாள் ஒத்துப்போகும் என்ற வாக்கை மட்டுமே தரும். அவ்வளவு தளர்வு தேவையில்லை என்று முன்னரே காட்டியிருந்தது காரண முரணின்மை. ஜார்ஜியா டெக்கில் முஸ்தாக் அகமதும் சகாக்களும் 1990களில் வகுத்தது அது. ஒரு மருத்துவமனையின் ஆய்வகம் இரத்தப் பரிசோதனை முடிவைப் பதிவு செய்கிறது. மருத்துவர் அதைப் படித்துவிட்டு மருந்துக் குறிப்பை எழுதுகிறார். தொலைவில் இருக்கும் செவிலியர் மருந்துக் குறிப்பைக் கண்டால், அதற்குக் காரணமான பரிசோதனை முடிவையும் கண்டாக வேண்டும். தொடர்பில்லாத வேறு நோயாளியின் பதிவு முன்பின்னாக வந்தால் பரவாயில்லை. இந்த விதியைக் காக்க யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. படிப்பும் எழுத்தும் உள்ளூரிலேயே முடியும். வந்துசேரும் எழுத்து, தன் காரணங்கள் வந்துசேரும்வரை கதவுக்கு வெளியே நிற்கும், அவ்வளவுதான். வையட் லாயிட் முதலியோர் 2011இல் உருவாக்கிய ‘காப்ஸ்’ இதைப் பல தரவு மையங்களுக்கு விரித்துக் காட்டியது.

ஒரே பொருளை இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் காரண முரணின்மையில் விடை இல்லை. கடைசியாக எழுதியவரே வென்றார் என்று விட்டால் மற்றவரின் உழைப்பு காணாமற்போகும். மார்க் ஷப்பிரோ குழுவினர் 2011இல் தொகுத்தளித்த முரண்படா நகல் தரவு வகைகள் இந்த இடத்தை நிரப்புகின்றன. எண்ணிக்கை வைக்கும் ‘எண்ணி’ ஒன்றை ஒரே எண்ணாக வைக்காமல் இடத்துக்கு ஓர் எண்ணாக வைத்து, ஒவ்வொரு இடமும் தன் எண்ணை மட்டும் கூட்டினால், நகல்கள் எந்த வரிசையில் சந்தித்தாலும் கூட்டுத்தொகை ஒன்றாகவே வரும்.

எதிர்த்திசையில் போனது கூகுள் 2012இல் வெளியிட்ட ‘ஸ்பேனர்’. கண்டங்களைத் தாண்டியும் மிகக் கண்டிப்பான முரணின்மையை அது தருகிறது. தரவு மையங்களில் ஜிபிஎஸ் வாங்கிகளையும் அணுக் கடிகாரங்களையும் வைத்து, இப்போது என்ன நேரம் என்ற கேள்விக்கு ஒரு கணத்தைச் சொல்லாமல் ஓர் இடைவெளியைச் சொல்கிறார்கள். உண்மையான நேரம் அந்த இடைவெளிக்குள் நிச்சயம் இருக்கும். அக்கட்டுரையின்படி அந்த ஐயப்பாடு 1 முதல் 7 மில்லிநொடிவரை ஊசலாடியது. ஒவ்வொரு எழுத்தும் ஐயப்பாடு கடந்துபோகும்வரை காத்திருந்தே வெளியாகிறது. நகல்களின் பெரும்பான்மை ஒப்புக்கொள்வதற்கான பயணம் தனி. பதிலுக்கு, கடந்த ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுப் படிக்கிறவர்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் அருகில் இருக்கும் நகலிலேயே படிக்கலாம். லிப்டனும் சான்ட்பெர்கும் விட்டுவைத்த உரிமையை, முழுவதும் எழுத்தின் தலையில் சுமத்திப் பயன்படுத்திய அமைப்பு என்று ஸ்பேனரைச் சொல்லலாம்.

பக்கங்களைக் கொண்ட அசல் பகிர்வு நினைவகம் இதற்கிடையில் தரவு மையத்தின் நான்கு சுவர்களுக்குள் புத்துயிர் பெற்றிருக்கிறது. நூறு மீட்டர் இழையை ஒளி அரை மைக்ரோநொடியில் கடக்கிறது. எதிர்க் கணினியின் செயலியை எழுப்பாமலே அதன் நினைவகத்தைத் தொடும் வலை அட்டைகளைக் கொண்டு, மைக்ரோசாஃப்ட் 2014இல் ‘ஃபார்ம்’ அமைப்பை வெளியிட்டது. 2019இல் அறிமுகமான சிஎக்ஸ்எல் தரம், ஒரே அடுக்கில் இருக்கும் கணினிகள் நினைவகத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ள வன்பொருளிலேயே வழி செய்கிறது. தூரம் சிறியதாக இருக்கும்வரை காய் லீயின் கேள்விக்கு ஆமென்ற விடை இன்றும் பொருந்துகிறது.

நகரங்களுக்கு இடையிலோ, ஒரே அமைப்புக்குள் கண்டிப்பையும் தளர்வையும் கலந்து வைப்பதில் ஆய்வு குவிந்திருக்கிறது. செங் லீ முதலியோர் 2012இல் முன்வைத்த சிவப்பு, நீலப் பிரிவினையில், எந்த வரிசையில் செய்தாலும் ஒரே விளைவைத் தருவதும் எந்த விதியையும் மீறாததுமான செயல் நீலம். அது உள்ளூரிலேயே முடிந்துவிடும். மற்றவை சிவப்பு, அவை எல்லா இடங்களோடும் ஒத்துப்போன பின்னரே நடக்கும். வங்கிக் கணக்கில் பணம் போடுவது நீலம். எடுப்பது சிவப்பு, இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடக் கூடாதென்பதால். எடுப்பதையும் பெரும்பாலான வேளைகளில் நீலமாக்கலாம் என்பதற்கான வழியை பேட்ரிக் ஓ’நீல் 1986லேயே வேறொரு சூழலில் சொல்லியிருந்தார். கணக்கில் உள்ள 1,000 ரூபாயில் 500 ரூபாய்வரை செலவழிக்கும் உரிமையைச் சென்னைக் கிளைக்கும், மீதியைச் சிங்கப்பூர்க் கிளைக்கும் முன்னரே பிரித்துக் கொடுத்துவிடலாம். தன் பங்குக்குள் இருக்கும்வரை எந்தக் கிளையும் கடலைப் பார்க்க வேண்டியதில்லை. பங்கு தீர்ந்தால் மட்டும் மற்றதிடம் கேட்டு 32 மில்லிநொடி காத்திருக்கும். எல்லையுள்ள எண்ணிகள் என்ற பெயரில் 2015இல் இது நகல் தரவு வகைகளோடு இணைக்கப்பட்டது. எண்ணிக்கையாகப் பிரிக்கக்கூடிய எதற்கும் இந்த முறை பொருந்தும். ஒரே பயனர்பெயரை இரு நாடுகளில் இருவர் ஒரே கணத்தில் கேட்டால் பங்கிட ஒன்றுமில்லை. அந்தப் பெயருக்குப் பொறுப்பான கணினியைக் கேட்டாக வேண்டும். அது தொலைவில் இருந்தால் அவ்வளவு தொலைவுக்கும் காத்திருந்தாக வேண்டும்.